பெரட்டுக்களத்தை யாரும் குறுக்கே கடப்பதில்லை

இன்று காலை சன்னலைத் திறந்ததும் பெயிண்ட் வாடை வந்தது. ஆலையிலிருந்து வரும் தேயிலை வாடையையும் மீறிக்கொண்டு மூக்கில் ஏறியது. என்ன கூத்து என்று பார்க்கக் கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரிய பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பச்சைப் பூச்சின்மேல் தங்க நிற எழுத்து. மலாய், ஆங்கிலம், கடைசியில் போனால் போகிறதென்று தமிழ். இன்னும் காயவில்லை. கிட்டப் போய்ப் படித்தேன்.

'புனிதச் சதுக்கம். தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக இத்திடலை வழிபாட்டுக்குரிய இடமாகப் போற்றி, நடுவில் கால் வைக்காமல் பக்தியோடு சுற்றி வருகிறார்கள்.'

படித்துவிட்டு வடிகாலில் துப்பினேன். பலகைமேல் துப்பியிருப்பேன், நம் தமிழ் எழுத்து அதில் இருக்கிறதே என்று விட்டேன்.

அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ போன பிறகு எனக்குப் பேச ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பேச நிறைய பேர் இருக்கிறார்கள். கேட்கிற யோக்கியதை உள்ளவர்கள்தான் இல்லை.

சதுக்கமாம். நாம் பிறந்த நாளிலிருந்து அதற்குப் பெரட்டுக்களம் என்றுதான் பெயர். பெரிய டவுன்களில் வெள்ளைக்காரன் உண்டாக்கிய திடல்களுக்கெல்லாம் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்ன கவர்னர் கொடி ஏற்றினான், இன்ன துரை பந்தடித்தான் என்று படம் போட்டிருக்கிறார்கள். மளிகைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவன் நான். அந்தப் புத்தகங்களையும் தேடிப் படித்தேன். நம் களத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுத ஆள் இல்லாத இடத்தில்தான் இந்த மாதிரிப் பலகை முளைக்கிறது.

இந்த மலையில் சமதளம் தானாக இருந்ததில்லை. எங்கேயாவது தரை சமமாகத் தெரிந்தால் யாரோ முதுகொடிய வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உன் தாத்தாவும் என் தாத்தாவும் காட்டை அழித்து, மேட்டுப் பக்கத்தை வெட்டி, கூடை கூடையாய் மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி உண்டாக்கிய தரை அது. வெட்டி முடித்ததும் வெள்ளைக்காரத் துரை போட்ட முதல் உத்தரவு, வெட்டியவர்கள் யாரும் அதன்மேல் நடக்கக் கூடாது என்பது. நடுவில் புல் வளர்த்தான். கூலிக்காரனின் வெறுங்கால் பட்டால் புல் கருகிவிடுமாம்.

விடியற்காலையில் பேர் வாசித்து, வேலை பிரித்து, மலைக்கு அனுப்புவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அப்போது துரை மட்டும் நடுவில் நிற்பான். நாம் நான்கு ஓரங்களிலும் கங்காணி கங்காணியாகப் பிரிந்து நிற்போம். என் அம்மா கூடையை முதுகிலிருந்து இறக்காமல் நிற்பாள். பனியில் அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும். கணக்கெழுதுகிற கிராணி பேர் வாசிக்கும்போது ஆள் வரவில்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். மேல் லைன் வீடுகளிலிருந்து ஓடிவருகிற பெண்கள் களத்தின் குறுக்கே வந்தால் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். ஒருத்தியும் வரமாட்டாள். ஓரமாய்ச் சுற்றி ஓடி, மூச்சு வாங்க வந்து நிற்பதற்குள் பேர் தாண்டிப் போயிருக்கும். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

பலகை சொல்கிற பக்தி இதுதான்.

நீ அடிக்கடி சொல்வாய்: "நம்மாளு நடக்கிற நடையப் பாத்தாலே தெரியும்டா, துரை எங்க நிக்கிறான்னு." துரை கப்பல் ஏறினான். புல் களையாகி, களையும் காய்ந்து, நடுவில் வெறும் செம்மண் தெரிந்தது. நடை மட்டும் மாறவில்லை. யாரும் நிற்காத இடத்தைச் சுற்றிச் சுற்றி நம் சனம் நடந்தது.

அங்கே சாமி எப்படி வந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்கும், நடுவுல ஏம்மா போகக்கூடாது என்று. துரைக்குப் பயந்து ஓரமாய்ப் போனோம், அப்படியே பழகிவிட்டது என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? 'சாமி இருக்கு, போகாதே' என்றார்கள். ஒரு வெட்கத்தை மூடச் சொன்ன பதில் அது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கோயில் கமிட்டியில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். மாரியம்மன் தேர் களத்தைச் சுற்றி வர ஆரம்பித்தது. புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் உருட்டிக்கொண்டு ஒரு சுற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஒரு சுற்று. கல்யாணப் பொண்ணு ஒரு சுற்று. அந்தோணியார் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள்கூட மூலை திரும்பும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கின்றன. எதற்கு, யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. துரை கனவிலும் எதிர்பார்த்திருக்கமாட்டான், தன் புல்லுக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று.

இப்போது கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். இரண்டு பேர் மெஷினைப் பிடித்துக்கொண்டு செடிமேல் ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவன் வந்த புதிதில், சாப்பாட்டுத் தூக்கோடு களத்தின் குறுக்கே சாவகாசமாய் நடந்து போனான். கமிட்டிப் பொருளாளர் டீக்கடையிலிருந்து தமிழும் மலாயுமாகக் கத்தினான்.

"ஹோய்! அங்க போகாதே லா! சாமி! துஹான், துஹான்!"

பையன் நின்றான். காலைச் சுற்றிப் பார்த்தான். மேலே பார்த்தான். "மானா?" என்றான்.

எங்கே என்றுதான் கேட்டான். இந்தத் தோட்டத்தில் உருப்படியாகக் கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான். கடை முழுக்க அவனைத் திட்டியது. நான் மட்டும் அவனுக்கு ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தேன்.

நீ செய்ததை இங்கே யாரும் பேசுவதில்லை. ஆகையால் நானே சொல்கிறேன், உனக்கே.

உன் அப்பா செத்த அன்று மழை நாட்கணக்காய் விடாமல் பெய்துகொண்டிருந்தது. செடிக்கு மருந்தடித்து அடித்தே நெஞ்சு கெட்டுப்போன மனுஷன். வெள்ளைக்காரன் போய், முதல் முதலாக நம் நிறத்தில் ஒரு மேனேஜர் வந்திருந்த காலம். கறுப்புத் துரை என்போம். வெள்ளைத் துரை விட்டுப்போன தொப்பி இவனுக்குப் பெரிதாக இருந்தது, ஆனாலும் கழற்றமாட்டான்.

லைனிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தப்புக்காரர்கள் முன்னால் போனார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு நாம் வந்தோம். நீ முன்னால், நான் பின்னால். களத்து ஓரத்துக்கு வந்தால் ஓரத்தைக் காணோம். பள்ளத்துப் பக்கம் மண் சரிந்து, பாதை அப்படியே கீழே போயிருந்தது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். மேட்டுப் பக்கம் ஆபீஸ் சுவர். நடுவில் அகலமாய், சமமாய், காலியாய்க் களம்.

பெரியவர்கள், மழை விடட்டும் என்றார்கள். தப்பு நின்றது. நீ திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "நடுவுல போங்க."

யாரும் அசையவில்லை.

"டேய், பின்னால இருந்து தள்ளுடா. நான் முன்னால இழுக்கிறேன்" என்றாய் என்னிடம். நான் தள்ளினேன். எனக்கும் அன்று பயம்தான், ஆனால் உன் முதுகு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நம்மோடு தூக்கிய மற்ற இருவரும் வேறு வழியில்லாமல் இழுபட்டு வந்தார்கள்.

சரியாக நடுவில் போகும்போது ஆபீஸ் வராந்தாவிலிருந்து கறுப்புத் துரை இறங்கி வந்தான். கிராணி குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு இறங்குனீங்க? சுத்திப் போ."

"சுத்திப் போக வழி இல்லீங்க ஐயா. சரிஞ்சு கெடக்கு."

"அப்பத் தூக்கிட்டுத் திரும்பு. மழ விட்டதும் வா."

துரையின் குரலைக் கேட்டதும் உன் பக்கத்தில் இருந்தவனின் தோள் தானாகவே கீழே போனது. பாடை சாய்ந்தது. உன் அப்பா சரிந்து விழாமல் இருக்க இறக்கத்தான் வேண்டியிருந்தது. சேற்றில் இறக்கினோம். தூக்கிய மற்ற இருவரும் ஓரத்துக்கு ஓடினார்கள். உன் அப்பா முகத்தில் மழை விழுந்தது. சுற்றி நான்கு ஓரங்களிலும் நம் சனம், பெரட்டில் நிற்பது போலவே, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெண்ணும் அழவில்லை. மேனேஜர் முன்னால் அழக்கூடாது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? அன்றைக்குத்தான் இந்தச் சனத்தின்மேல் எனக்கிருந்த மதிப்பு போயிற்று. அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். அவன் சட்டையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ கிராணியைப் பார்த்து, வேலை கேட்கிறவனைப் போலப் பணிவாகச் சொன்னாய்:

"கிராணி ஐயா, பேரு வாசிங்க. ஆளு வந்திருக்காரு. ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல."

கிராணி மேனேஜரைப் பார்த்தார். எத்தனை வருஷம் வாசித்த பேர்! வாய் பழகிவிட்டது போலிருக்கிறது. முணுமுணுப்பாக, ஆனால் பெரட்டில் இழுக்கிற அதே இழுவையோடு உன் அப்பா பேரைச் சொல்லிவிட்டார்.

"இருக்கேன் ஐயா" என்றாய் நீ.

அவ்வளவுதான். குனிந்தாய். நானும் குனிந்தேன். ஓரத்திலிருந்து இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். முதலில் தூக்கியவர்கள் அல்ல, வேறு இரண்டு பேர். குறுக்கே நடந்து மறுபக்கம் ஏறினோம். மேனேஜர் அதன் பிறகு தடுக்கவில்லை. அடுத்த வாரமே உன்னை உச்சி மலை டிவிஷனுக்கு மாற்றினான் என்பது வேறு கதை.

எனக்கு அன்றிலிருந்து நடுவழிதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு களத்தின் குறுக்கே நடந்தேன். சாமி குத்தம் வரும், கண் போய்விடும் என்றார்கள். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பலகையைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன்.

ஆனால் நீ! வழியைத் திறந்துவிட்டவன் நீ, அதன் பிறகு ஒரு நாள்கூட நீ நடுவில் போய் நான் பார்க்கவில்லை. உச்சி மலையிலிருந்து திரும்பி வந்த பிறகும், வேலையை விட்ட பிறகும், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகும்போதும் ஓரமாய்ச் சுற்றித்தான் போனாய். ஒரு நாள் நான் வழிமறித்துக் கேட்டது நினைவிருக்கிறதா?

"என்ன வீரரே, ஓரமாப் போறீங்க?"

"முட்டி வலிடா. ஓரத்துல கம்பி இருக்கு, பிடிச்சுக்கலாம்."

"கம்பி போடறதுக்கு முன்னாடியும் ஓரமாத்தானே போனே?"

"உனக்கு வேற வேலையே இல்லையா லா? போ, போய்ப் பேப்பர் படி."

சிரித்துக்கொண்டே போய்விட்டாய். நான் சிரிக்கவில்லை. உன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். மாற்றம் கொடுத்து மிரட்டியதில் இவனும் படிந்துவிட்டான் என்று நினைத்தேன். பேசினேன், சேர்ந்து தே குடித்தேன், ஆனால் மனத்தில் உனக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டேன்.

நீ போன அன்றும் அதே கோபம்தான். உன் மகன், இப்போது கோயில் தலைவர், உன் பாடையை ஓரமாய்த் திருப்பினான். "நடுவுல போடா, உங்கப்பன் உண்டாக்குன வழி" என்றேன். "சாமி குத்தம் மாமா, இன்னிக்காவது சும்மா இருங்க" என்றான். நான் தோளை எடுத்துவிட்டேன். அவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் தனியாகக் குறுக்கே நடந்து, மறுபக்கத்தில் உனக்காகக் காத்திருந்தேன்.

இப்போது இந்தப் பலகை வந்த கதைக்கு வருகிறேன்.

தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, ஆலைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு தேநீர்க் கடை கட்டியது. நம் அம்மாக்கள் பனியில் பறித்த கொழுந்தைக் கேக்கோடு குடிக்கத் தாப்பாவிலிருந்து மலையேறி பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். பஸ் நிறுத்த இடம் வேண்டும். சமமாய் இருக்கிற ஒரே இடம் களம். அதை எடுத்துத் தார் போடப் போவதாகச் சொன்னார்கள். களத்தை ஒட்டித்தான் நம் லைன். களம் போனால் அடுத்தது லைன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தச் சனம் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் தாத்தாமார் வெட்டிய தரை, தொடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல முதுகெலும்பு வேண்டும். சாமியைக் கூப்பிட்டார்கள்.

உன் மகன் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். வெள்ளக்காரன் காலத்துப் பெரட்டுல நின்ன ஆளு இப்ப நீங்க ஒருத்தர்தான்."

"என்ன சொல்லணும்?"

"அப்பவே நடுவுல சாமி இருந்துச்சுன்னு."

"அப்ப நடுவுல துரைதான்டா இருந்தான்."

"அத விடுங்க மாமா. சாமின்னா கம்பெனி கை வைக்காது. பேப்பர்ல வந்துடும்னு பயப்படுவான். இல்லேன்னா களமும் போச்சு, வீடும் போச்சு."

"உங்கப்பன் குறுக்க நடந்த களம்டா அது."

அவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. சாமி இருந்தா எங்கப்பா எப்படிப் போனாருன்னு கேப்பான்."

நீ செய்த ஒரே பெரிய காரியத்தை மறைக்கச் சொல்லி உன் மகனே வந்து கெஞ்சினான். நான் கதவைக் காட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் உன் மனைவி வந்தாள். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"உன் மகன் அனுப்பினானா தங்கச்சி?"

"அவன் அனுப்பி நான் வருவேனா? நானா வந்தேன். பொய் சொல்லுங்கன்னு கேக்க வரல அண்ணே."

"பின்னே?"

"அவரு ஏன் ஓரமாப் போனாருன்னு நெனைக்கிறீங்க?"

"பயம்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அவரா? கலியாணம் ஆன புதுசுல நானும் கேட்டேன். 'அங்க எங்கப்பாவ எறக்கி வெச்சேன், எப்படி மிதிக்கிறது'ன்னாரு. ஓரத்துலயே போனாலும் அந்த எடத்துக்கு நேரா வந்ததும் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்குவாரு. நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். செருப்பில் சேறு என்று நினைத்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சும்மா விடுவீங்களாண்ணே? அதுக்கும் ஒரு வாதம் பண்ணுவீங்க. அப்பா மேல போய்ட்டாரு, மண்ணுதான் இருக்குன்னு பேசுவீங்க."

பேசியிருப்பேன். அது வாஸ்தவம். ஆனாலும் இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டியவன் நீ. என் தோளிலும்தான் உன் அப்பாவின் கனம் இருந்தது. முட்டி வலி என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, இத்தனை காலம் என்னை முட்டாளாக நெஞ்சை நிமிர்த்தி அவர்மேல் நடக்க விட்டாயே, அதற்கு நீதான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். இப்போதைய மேனேஜர் நம்ம பையன்தான், கோலாலம்பூரில் படித்தவன், எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்பான். திட்டினால்கூடச் சிரிப்பான். கறுப்புத் துரையையாவது வெறுக்க முடிந்தது. இவனைப் பிடிக்க ஒரு கைப்பிடியே இல்லை. கமிட்டி முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன் மகன் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"அங்கிள், நீங்க சொல்லுங்க. நடுவுல சாமி இருக்கா?"

"இல்ல."

பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். உன் மனைவி மட்டும் அசையாமல் இருந்தாள்.

"சாமி இல்ல. ஒரு ஆளு இருக்காரு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். புல், உத்தரவு, ஓடிவந்து வேலை இழந்த பெண்கள், மழை, குடை, கிராணி. உன் அப்பாவின் பேரைக் கிராணி இழுத்த இழுவையோடு சொல்லிக் காட்டினேன்.

மேனேஜர் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "சோ, அங்க அடக்கம் பண்ணியிருக்கீங்களா, அங்கிள்?"

"இல்ல. கொஞ்ச நேரம் படுக்க வெச்சோம்."

"கொஞ்ச நேரம்தானே?"

"கொஞ்ச நேரம்தான். ஒரு மழை நாளா பாத்து நீங்களும் அங்க படுங்க தம்பி. எவ்வளவு நேரம்னு தெரியும்."

அவன் சிரித்தான். ஹெட் ஆபீஸுக்கு எழுதுகிறேன் என்றான். வெளியே வந்ததும் உன் மகன் என் எதிரே நின்றான். "ஒரே வார்த்ததான் மாமா கேட்டோம். அதக்கூடக் குடுக்க மாட்டீங்களா?" என்றான். கண் கலங்கியிருந்தது. "உங்கப்பன் பேரக் குடுத்தேனே, அது பத்தாதா?" என்றேன். அதன் பிறகு டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். எனக்கு விசாலமாகத்தான் இருக்கிறது.

முடிவு எப்படி வந்தது தெரியுமா? சாமியும் காப்பாற்றவில்லை, உன் அப்பாவும் காப்பாற்றவில்லை. இன்ஜினியர்கள் வந்து களத்தைத் துளை போட்டுப் பார்த்தார்கள். பள்ளத்துப் பக்கம் முழுக்கக் கொட்டிய மண்ணாம், இறுகவே இல்லையாம், பஸ் ஏறினால் சரிந்துவிடுமாம். பின்னே? கங்காணி தடியோடு தலைமேல் நின்று விரட்டினால் எவன் பொறுமையாக மிதித்து இறுக்குவான்? கொட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள் நம் தாத்தாமார். பஸ்ஸை ரோட்டோரமே நிறுத்துவது என்று முடிவாயிற்று. லைனும் தப்பியது. கமிட்டி, சாமி காத்துக் கொடுத்தது என்று பொங்கல் வைத்தது. தேநீர் குடிக்க வருகிறவர்களுக்குப் புனிதம் என்றால் பிடிக்கும் என்று கம்பெனி பலகை எழுதிவிட்டது. நான் சொன்ன கதை என்ன ஆயிற்று என்று மேனேஜரைக் கேட்டேன். "ரொம்ப டச்சிங் அங்கிள். ஆனா போர்டுல எடம் இல்ல" என்றான்.

இன்று காலை பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஓரமாய்ப் போக என் கால் வராது. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனின் உத்தரவுக்கு இந்த வயதில் கீழ்ப்படியப் போவதில்லை. வழக்கம்போல் நடுவில் இறங்கினேன். ஆனால் அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆபீஸ் படிக்கட்டுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் நேர்கோட்டில், தலை மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். அதற்குக் கிட்டே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வளைந்து, ஓர் ஆள் படுத்திருக்கும் நீளத்துக்குச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேர்வழியில் சேர்ந்தேன். உன் மனைவி வந்துபோன நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறேன்.

மறுபக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சீனக் குடும்பம் என் பின்னாலேயே களத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தது. பலகை இன்னும் நடவில்லையே, அவர்களுக்கு என்ன தெரியும்? நான் வளைந்த இடத்துக்கு வந்ததும் புருஷன் நின்றான். தரையைப் பார்த்தான். குனிந்து செருப்பைக் கழற்றினான். பெண்டாட்டியும் கழற்றினாள். இரண்டு பேரும் அப்படியே வளைந்து வந்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடைப் பக்கம் போனார்கள்.

இதையும் இரண்டு நாளைக்கு விட்டால் நம் சனம் பார்த்துச் செய்ய ஆரம்பிக்கும். அதற்கும் ஒரு காரணம் கட்டிவிடும். கட்டட்டும். கேட்கிறவனுக்கு உன் அப்பாவின் பேரைச் சொல்வேன். பலகை எழுதுகிறவனுக்கு அந்த இடத்தைக் காட்டமாட்டேன்.